பக்கத்து வீட்டு அங்கிள் எங்க பூனைய சாக்குல கட்டி எங்கயாவது விட்டுடுவேன்றார், என்ன பண்றது?

குரோம்பேட்டைக்காரன்

வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க, ரெண்டு நாளா சரியா தூக்கம் இல்ல அதான் இங்க வந்து கொட்டுறேன்.

எங்க வீடு தனி வீடு, ஆனா தனி வீடுன்னு பேருதான், எங்க சுவத்துக்கும் பக்கத்து வீட்டு சுவத்துக்கும் நடுவுல மூணடி கூட இருக்காது. முந்தின வருஷ மழைல வடிகால் ஓரமா கத்திக்கிட்டு கெடந்த குட்டி ஒண்ண என் வைஃப் துப்பட்டால சுத்தி எடுத்துட்டு வந்தா. நாட்டுப் பூனைதான், சாம்பல் கலர்ல கறுப்புக் கோடு. பேரு பாண்டி. இப்ப ஒன்றரை வயசு. சாப்பாடு தூக்கம் எல்லாம் எங்க வீட்ல, மத்த நேரம் கிச்சன் ஜன்னல் வழியா வெளிய போய் சன்ஷேடுல நடந்து ஒரு தாவு, பக்கத்து வீட்டு மொட்டை மாடி. நைட்டு எப்ப போறான் எப்ப வர்றான்னு எங்களுக்கே தெரியாது, காலைல பால்காரர் பெல் அடிக்கிற நேரத்துக்கு கரெக்டா ஜன்னல்ல உக்காந்திருப்பான்.

பக்கத்து வீட்டு அங்கிள் ரிட்டயர்டு. பத்து வருஷமா நல்லா பழகுனவங்கதான், பொங்கலுக்கு கரும்பு போகும், தீபாவளிக்கு அதிரசம் வரும். மாடில குரோ பேக்ல கீரை, கத்திரிக்கா, தக்காளின்னு போட்டு வெச்சிருக்கார். மொதல்ல சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார், தம்பி உங்காளு நம்ம கீரைப் பாத்திய பாத்ரூம் ஆக்கிட்டான்னு. நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன். அப்புறம் ஆன்ட்டி வடாம் பிழிஞ்சு காய வெச்ச அன்னிக்கு துணி மேல இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் பாத அச்சு, அவ்வளவையும் அள்ளிக் குப்பைல போட்டாங்க. அடுத்து கார் பானெட்டு, செருப்பு ஸ்டாண்டு நாத்தம், ஒரு நாள் அவர் ஏதோ முக்கியமான வேலையா கெளம்பும்போது இவன் குறுக்க போயிட்டான், அவர் திரும்பிப் போய் தண்ணி குடிச்சுட்டு கெளம்புனார். இதுக்கெல்லாம் நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க.

போன ஞாயித்துக்கெழமை கேட்டுக்கு வெளிய நின்னு தெருவே கேக்குற மாதிரி கத்திட்டார். "இனிமே என் மாடில பாத்தேன், சாக்குல கட்டி மீன் மார்க்கெட்ல கொண்டு போய் விட்டுடுவேன், இல்லன்னா எலி மருந்துதான்"ன்னு. வைஃப் அழுதுட்டா. போலீஸ் கம்ப்ளைன்ட் குடுக்கலாம்றா. எங்க அம்மா வேற, அந்தப் பூனைய எங்கயாவது விட்டுத் தொலைங்கடா, பத்து வருஷ பழக்கம் போகுதுன்றாங்க.

அவர் அப்படி பண்ணா சட்டப்படி தப்புதானே? பூனைன்னா வெளிய போகத்தானே செய்யும், அத கட்டிப் போட முடியுமா? அவர் மாடிய அவர்தானே மூடி வெச்சுக்கணும்?

மதில்மேல்

கேள்விலேயே ரெண்டு விஷயம் விட்டுட்டீங்க. பாண்டி ஆம்பளைன்னு பேர வெச்சு புரியுது. கருத்தடை ஆபரேஷன் ஆயிடுச்சா? வீட்டுக்குள்ள மணல் தட்டு வெச்சிருக்கீங்களா? இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லுங்க மொதல்ல, சட்டமெல்லாம் அப்புறம் பேசலாம்.

கோவை_மாடித்தோட்டம்

நான் அந்த அங்கிள் கட்சிங்க, முன்னாடியே சொல்லிப்போடறேன். கோவிச்சுக்காதீங்க.

மாடித்தோட்டம் போடறவனுக்குத்தானுங்க அந்த வலி தெரியும். தேங்காநார்க்கழிவு, மண்புழு உரம், செம்மண் எல்லாம் கலந்து பொலபொலன்னு வெச்சிருப்போம், பூனைக்கு அதைவிட ஒசந்த கக்கூஸ் ஒலகத்துலயே இல்லீங்க. ரெண்டு கையாலயும் பறிச்சு, வேலைய முடிச்சு, நல்லா மூடிட்டு போயிரும். மூடறதுல மொளைச்சு வந்த கீரை நாத்து அத்தனையும் வேரோட வெளிய வந்துரும். நம்ம காலைல போய் கைய உள்ள விட்டா... வேண்டாம் விடுங்க. மூணு மாசம் பக்கத்து வீட்டுப் பூனை ஒண்ணுகிட்ட நான் பட்டது கொஞ்ச நஞ்சம் இல்லீங்க, அந்த வீட்டுக்காரங்களும் உங்கள மாதிரியேதான் சொன்னாங்க, "பூனைன்னா போகத்தானே செய்யும்"ன்னு. அந்த ஒரு வார்த்தைதானுங்க வயித்தெரிச்சலே. மாடில கூரையா போட முடியும்? அவரு மாடி, அவரு செடி, அவரு எதுக்குங்க மூடி வெக்கோணும்?

சரி, வேலைக்கு ஆகறத சொல்றேன். அங்கிள் மீன் அமிலம் ஊத்தறாரான்னு கேட்டுப்பாருங்க. மீன் கழிவையும் நாட்டுச் சக்கரையையும் சேத்து ஊற வெச்சு தண்ணில கலந்து ஊத்துவோமுங்க, செடி தளதளன்னு வரும், ஆனா அந்த வாசத்துக்கு ஊர்ப்பட்ட பூனை வந்து மாநாடு போடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. மீன் அமிலத்த நிறுத்தி பஞ்சகவ்யாவுக்கு மாறினேன், பாதித் தொல்லை போச்சு. மீதிப் பாதிக்கு கோழி வலை. கம்பி வலைய வட்டமா வெட்டி மண்ணு மேல படிய வெச்சு செடி வர்றதுக்கு மட்டும் ஓட்டை விட்டா பறிக்க முடியாம போயிரும். பெரிய தொட்டிக்கு காஞ்ச தேங்கா மட்டைய துண்டு போட்டு மேல பரப்பிடுங்க, ஈரமும் காக்கும்.

அல்லாரும் நீலக் கலர் தண்ணி பாட்டில் வைக்கச் சொல்வாங்க. நானும் வெச்சேன். பூனை அந்தப் பாட்டில்ல சாஞ்சு தூங்குச்சுங்க.

நெல்லை_ராசா

ஒரு பூனைக்கு இம்புட்டு பெரிய பஞ்சாயத்தா வே. எங்க ஊர்ல எந்தப் பூனை எந்த வீட்டுதுன்னு எவனுக்குத் தெரியும், தெருவே சோறு வைக்கும் தெருவே வெரட்டும். பேரு வெச்சீரு பாத்தீரா, அங்கதான் தப்பு, இப்ப அது என்ன பண்ணாலும் கேசு உம்ம பேர்ல.

வக்கீல்_மாமா_இல்ல

நான் வக்கீல்தான், ஆனா இது சட்ட ஆலோசனைன்னு எடுத்துக்காதீங்க, தெரிஞ்சத சொல்றேன்.

பூனைக்கு விஷம் வைக்கிறது குத்தம், அதுல சந்தேகமே இல்ல. 2024 ஜூலை 1-லேர்ந்து பழைய இ.பி.கோ. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு, அதுல 325-வது பிரிவு. எந்த மிருகத்தையாவது கொல்றது, விஷம் வைக்கிறது, ஊனமாக்குறது, அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா அபராதம், இல்லன்னா ரெண்டும். முன்னாடி 428, 429-ன்னு ரெண்டு பிரிவு இருந்துச்சு, மிருகத்தோட விலை பத்து ரூபாயா அம்பது ரூபாயான்னு பாத்து தண்டனை மாறும், நாட்டுப் பூனைக்கு என்ன விலைன்னு எதிர்த்தரப்பு கேப்பாங்க. இப்ப அந்த விலைக் கணக்கெல்லாம் எடுத்துட்டாங்க. இது போக 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கு, ஆனா அதுல முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலேர்ந்து அம்பது ரூபாய் வரைக்கும்தான், இன்னிக்கு டீ வடை விலை. அதனாலதான் யாரும் அத மட்டும் வெச்சு கேஸ் போட மாட்டாங்க.

அதே 1960 சட்டத்துல உங்க அம்மாவுக்கும் ஒரு வரி இருக்கு. வளக்குற மிருகத்த பட்டினி கெடக்குற மாதிரி எங்கயாவது விட்டுட்டு வர்றதும் குத்தம்தான். ஸோ "விட்டுத் தொலை"யும் கெடையாது.

இப்ப உங்களுக்குப் பிடிக்காத பக்கம். பூனைக்கு ஊர் சுத்துற உரிமைன்னு நம்ம சட்டத்துல எங்கயும் எழுதி வெக்கல. நீங்க வளக்குற பூனை தொடர்ந்து அவர் வீட்ட நாசம் பண்ணுதுன்னா அவர் சிவில் கோர்ட்ல தொல்லைன்னு கேஸ் போடலாம். யாரும் பூனைக்காக போட மாட்டாங்க, அது வேற, ஆனா நியாயம் முழுக்க உங்க பக்கம்னு நெனச்சுக்கிட்டு ஸ்டேஷன் படி ஏறாதீங்க. அங்க இன்ஸ்பெக்டர் ரெண்டு பேரையும் உக்கார வெச்சு "பேசித் தீத்துக்கோங்க"ன்னு அனுப்புவார், வெளிய வரும்போது பத்து வருஷ பழக்கம் முடிஞ்சிருக்கும்.

விலங்குகள் நல வாரியத்துக்கு எழுதுங்கன்னு யாராவது சொல்லுவாங்க. அந்த ஆபீஸ் நம்ம திருவான்மியூர்ல இருந்த காலத்துல நேர்லயே போய் நின்னிருக்கேன், 1962-ல ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில இங்கதான் ஆரம்பிச்சாங்க. 2018-ல ஹரியானாவுக்குப் போயிடுச்சு. அதனால மொதல்ல காம்பவுண்டுச் சுவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசிப் பாருங்க.

குரோம்பேட்டைக்காரன்

@மதில்மேல் ஆபரேஷன் பண்ணல. பொட்டைப் பூனைக்குத்தான் குட்டி போடாம இருக்க பண்ணுவாங்க, ஆம்பளைக்கு எதுக்குன்னு விட்டுட்டோம், பாவமாவும் இருந்துச்சு. மணல் தட்டு குட்டியா இருக்கும்போது வெச்சோம், அப்புறம் வெளிய போய் பழகிட்டான், வீட்ல நாத்தம் இல்லாம நல்லதாப் போச்சுன்னு எடுத்துட்டோம்.

இத டைப் பண்ணும்போதே எனக்கு கொஞ்சம் ஒறைக்குது.

மதில்மேல்

ஒறைக்கட்டும். உங்க வீட்ல நாத்தம் இல்லாமப் போனது எங்க போச்சுன்னு நெனச்சீங்க, அங்கிள் கீரைப் பாத்திக்குத்தான். பூனை கண்ண மூடிக்கிட்டா ஒலகமே இருட்டிப் போச்சுன்னு நெனைக்குமாம், இங்க பூனை வளக்குறவர் கண்ண மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க. திட்டல, நானும் மொதல் பூனைக்கு இதேதான் பண்ணேன். பதினோரு வருஷமா ரெஸ்க்யூ பூனைங்கள வீட்ல வெச்சுப் பாத்துக்கிட்டு வர்றேன், இப்ப வீட்ல ஆறு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

செருப்பு ஸ்டாண்டு நாத்தம்னீங்களே, அது சாதாரண மூத்திரம் இல்ல. ஆபரேஷன் ஆகாத கடுவன் நின்ன வாக்குலயே வால தூக்கி நடுங்க விட்டு சுவர், கதவு, டயர்ன்னு செங்குத்தா இருக்குறதுல பீச்சி விடும், "இது என் ஏரியா"ன்னு போர்டு மாட்டுற மாதிரி. பக்கத்துல இன்னொரு கடுவன் வந்தா டபுளா அடிக்கும். நைட்டு கொழந்தை அழுற மாதிரி சத்தம் கேக்குதுன்னு அங்கிள் சொல்லிருப்பாரே? அதுவும் இதுதான். சண்டை போட்டு சீழ் புடிச்சு வரும், ஊரெல்லாம் குட்டிக்கு அப்பாவாகும், ரெண்டு மாசம் கழிச்சு தெருவுல மழைல கத்துற குட்டி வரும், அத இன்னொருத்தர் வைஃப் துப்பட்டால சுத்தி எடுத்துட்டுப் போவாங்க. ஆம்பளைக்கு எதுக்குன்னு கேட்டீங்கல்ல.

ஆம்பளைப் பூனைக்கு சின்ன ஆபரேஷன், பெரும்பாலும் அன்னிக்கே வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரில கேளுங்க, 1903-ல ஆரம்பிச்ச காலேஜ், இல்லன்னா பக்கத்துலயே நல்ல கிளினிக் பாருங்க. ஆனா மறுநாளே நின்னுடும்னு எதிர்பாக்காதீங்க, ஒடம்புல ஹார்மோன் எறங்க சில வாரம் ஆகும், அதுக்குள்ள "ஆபரேஷன் பண்ணியும் நிக்கலயே"ன்னு பயப்படாதீங்க. அப்பவே வெறிநாய்க்கடி ஊசியும் போட்டு புக்க வாங்கி வெச்சுக்கோங்க, நாளைக்கு யாரையாவது பிறாண்டிட்டா மொதல்ல கேக்குறது அந்த புக்கதான்.

வீட்டுக்குள்ள வெக்கிறது ஒரே நாள்ல நடக்காது. முதல் வாரம் கதவு கிட்ட நின்னு கத்துவான், வைஃப் மனசு எளகிடும், தொறந்து விட்டுடுவாங்க, அதோட போச்சு. அதனால ஒரு வழி சொல்றேன், பூனைக்கு சாயங்காலமும் விடியக்காலையும்தான் வேட்டை நேரம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு கயித்துல துணி கட்டி அரை மணி நேரம் ஓட விடுங்க, அது முடிஞ்ச கையோட சாப்பாடு, அப்புறம் ஜன்னல சாத்துங்க. வேட்டையாடி, தின்னு, நக்கிக்கிட்டு, தூங்கிடும். மொதல்ல ராத்திரி மட்டும் உள்ள, பழகுன பின்னாடி பகலும். தட்டு ரெண்டு வைங்க, ஒரு பூனைக்கு ஒண்ணு ப்ளஸ் ஒண்ணுன்றது கணக்கு. அவன் மண்ணுல பழகினவன், கடைல விக்கிற வாசனை மணல் புடிக்காது, மொதல்ல சாதா மணலோட அங்கிள் தொட்டி மண்ண ஒரு கை வாங்கிக் கலந்து போடுங்க.

இன்னொன்னு ரொம்ப முக்கியம். அங்கிள் வீட்ல அந்துருண்டை போட்டு வெக்கப் போறாங்க, பினாயில் ஊத்தப் போறாங்க, எல்லார் வீட்லயும் நடக்குறதுதான். ரெண்டுமே பூனைக்கு விஷம், மிதிச்சுட்டு கால நக்கினாலே போதும். நாத்தம் போக என்சைம் கிளீனர் நீங்களே வாங்கிக் குடுங்க, அவர் வாங்கணும்னு எதிர்பாக்காதீங்க.

சிராங்கூன்_சித்தி

சிங்கப்பூர்லேர்ந்து. இங்க இந்தப் பிரச்சினைய கவர்மென்டே கையில எடுத்துக்கிச்சு. 1989-லேர்ந்து எச்டிபி வீடுங்கள்ல, அதாவது கவர்மென்ட் கட்டுன அடுக்குமாடி வீடுங்கள்ல, பூனையே வளக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, சொன்ன காரணமே இதான், எங்கயும் அடங்காது, காரிடார்ல போய் அசிங்கம் பண்ணும், முடி கொட்டும், கத்தும், பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தொல்லைன்னு. ஆனா எல்லாரும் திருட்டுத்தனமா வளத்தாங்க, நான் உட்பட. அதோட விளைவு என்ன தெரியுமா, எதிர் வீட்டுக்காரருக்கு உங்க மேல வேற ஏதாவது கோவம் இருந்தா கூட பூனைய வெச்சு புகார் குடுத்துடலாம். நான் எட்டு வருஷம் எதிர் வீட்டு ஆன்ட்டி முகத்தப் பாத்தே வாழ்ந்தேன், ஹரிராயாவுக்கு, அதான் ரம்ஜானுக்கு, அவங்க குடுத்த குவே பலகாரமெல்லாம் பயந்துக்கிட்டே தின்னுருக்கேன்.

2024 செப்டம்பர் 1-ம் தேதி மாத்துனாங்க. எச்டிபி வீட்டுக்கு ரெண்டு பூனை வரைக்கும் சரி, தனியார் வீட்டுக்கு மூணு. ஆனா லைசென்ஸ் எடுக்கணும், மைக்ரோசிப் போடணும், அதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் படிக்கணும், சிரிக்காதீங்க நெஜமாத்தான். ஏற்கெனவே வெச்சிருந்தவங்களுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரைக்கும் ரெண்டு வருஷம் அவகாசம், அதுக்குள்ள ஆபரேஷன் ஆன பூனைக்கு லைசென்ஸ் இலவசம். வெளிய சுத்த விடக் கூடாது, ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொல்றாங்க.

அந்த வலை அனுபவம் உங்களுக்கு உதவும். புறாவுக்கு அடிக்கிற நைலான் வலை வேண்டாம், எங்க ஆளு ஒரே ராத்திரில கடிச்சு ஓட்டை போட்டுட்டான். கொசுவலையும் நகத்துக்கு நிக்காது. கம்பி வலைதான், அதுவும் உள்பக்கமா ஃபிரேம் போட்டு கொக்கி மாட்டுங்க, கழட்டி துடைக்க முடியணும் இல்லன்னா கிச்சன் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஆறு மாசத்துல உங்க அம்மாவே அத புடுங்கி எறிஞ்சிடுவாங்க. எதிர் வீட்டு ஆன்ட்டி இப்ப தன் பேரனக் கூட்டிட்டு வந்து எங்க பூனையக் காட்டுறாங்க. அவங்களுக்கு எட்டு வருஷமும் தெரிஞ்சேதான் இருந்திருக்கு.

நெல்லை_ராசா

பூனைக்கு லைசென்சு, மனுசனுக்குக் கோர்ஸா. வெளங்கிரும்.

குரோம்பேட்டைக்காரன்

நாலு நாள் கழிச்சு வர்றேன், அப்டேட்.

மதில்மேல் சொன்னத வைஃப்கிட்ட காட்டினேன், படிச்சுட்டு பேசவே இல்ல. சாயங்காலம் நானும் அவளும் அங்கிள் வீட்டுக்குப் போனோம். வடாம் மாவு கெளற தேவையான அரிசி, ஜவ்வரிசி வாங்கிட்டு போலாம்னு அம்மாதான் சொன்னாங்க, பழம் வாங்கிட்டுப் போனா பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கும்னு. அங்கிள் மொதல்ல வாங்கன்னு கூட சொல்லல, டிவிய பாத்துக்கிட்டே இருந்தார். அங்கிள், தப்பு எங்க மேலதான், ஆபரேஷன் பண்ணாம விட்டுட்டோம், வலை அடிக்கப் போறோம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு சவுண்ட கம்மி பண்ணார்.

அப்புறம்தான் ஆன்ட்டி விஷயத்த சொன்னாங்க. அவங்க பொண்ணு அஞ்சு மாசம் முழுகாம இருக்கு, வளைகாப்பு முடிஞ்சு பிரசவத்துக்கு இங்கதான் வரப்போகுது. டாக்டர் பூனைகிட்ட ஜாக்கிரதைன்னு சொல்லி அனுப்பிருக்காங்க. அந்தப் பொண்ணுக்குன்னுதான் அங்கிள் மருந்தடிக்காத கீரை போட்டுட்டு இருந்தார், அதுல இவன் போய்... அன்னிக்கு குறுக்க போனது கூட அந்தப் பொண்ண ஸ்கேனுக்கு கூட்டிட்டுப் போறதுக்கு கெளம்புன அன்னிக்காம். எனக்கு எங்க மூஞ்சிய வெச்சுக்கறதுன்னு தெரியல. நான் அவர் பூனைய வெறுக்குறாருன்னே நெனச்சுட்டு இருந்தேன்.

மீன் அமிலம் கேட்டேன். மாசம் ரெண்டு தடவை ஊத்துறாராம், யூட்யூப்ல பாத்து. கோவை அண்ணா சொன்னது அப்படியே.

அந்தப் பொண்ணுக்கு ஆபத்தா? தயவுசெஞ்சு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வார்டு_சிஸ்டர்

நர்ஸா இருபது வருஷம், அதுல பாதி பிரசவ வார்டு. இந்தக் கேள்வி மாசத்துக்கு நாலு பேர் கேப்பாங்க, பாதி வீட்ல மாமியார் சொல்லி பூனைய தொரத்திட்டுத்தான் வருவாங்க.

டாக்சோபிளாஸ்மான்னு ஒரு கிருமி, முழுகாம இருக்கும்போது மொதல் தடவையா தொத்துனா வயித்துல இருக்குற கொழந்தையப் பாதிக்கலாம். பூனை எலி, பறவை, பச்சைக் கறி தின்னு அது மூலமா வாங்கிக்கும். மொதல் தடவை தொத்துறப்பதான் மலத்துல வெளிய தள்ளும், அதுவும் ஒண்ணுலேர்ந்து மூணு வாரம் வரைக்கும், அப்புறம் பெரும்பாலும் நின்னுடும். வெளிய வந்த மலம் ஒடனே தொத்தாது, ஒண்ணுலேர்ந்து அஞ்சு நாள் ஆகணும். அதனால வீட்ல தினமும் தட்ட சுத்தம் பண்ற எடத்துல ஆபத்து ரொம்பக் கம்மி, பூனைய மடில வெச்சு கொஞ்சறதால வர்றது அபூர்வம். ஆனா மண்ணுக்குள்ள போச்சுன்னா அது மாசக்கணக்குல உயிரோட கெடக்கும். இப்ப யோசிச்சுப் பாருங்க, கீரைத் தொட்டில பொதைச்ச மலம், அதுல வெறுங்கையால களை எடுக்குறது, அந்தக் கீரைய லேசா அலசிட்டு சமைக்கிறது. அங்கிள் பயந்ததுல நியாயம் இருக்கு. அவர் கோவப்பட்ட விதம் வேற விஷயம்.

பூனை அசிங்கம் பண்ண அந்தத் தொட்டி மண்ண மொத்தமா மாத்திடுங்க, உங்க செலவுல. அந்தப் பொண்ணு மாடிப் பக்கம் தொட்டி வேலைக்குப் போக வேண்டாம், போனா கிளவுஸ். கீரைய மூணு தண்ணில நல்லா அலசி நல்லா வேக வெச்சு சாப்பிடட்டும், பச்சையா சாலட் எல்லாம் பிரசவம் ஆகட்டும். கறியும் நல்லா வேகணும், வேகாத கறி மூலமாவும் இது வரும், அத யாரும் பேச மாட்டாங்க, பழி மொத்தமும் பூனை மேல. ரொம்ப பயமா இருந்தா அவங்க டாக்டர்கிட்ட ரத்த டெஸ்ட் கேக்கட்டும், ஏற்கெனவே எப்பவோ வந்து போயிருக்கான்னு தெரிஞ்சிடும்.

கோவை_மாடித்தோட்டம்

பாத்தீங்களா நான் அங்கிள் கட்சின்னு அப்பவே சொன்னேன் :) மீன் அமிலத்த நிறுத்தச் சொல்லிட்டு பஞ்சகவ்யா ஒரு பாட்டில் நீங்களே வாங்கிக் குடுங்க. வாசம் இதுவும் இருக்கும், ஆனா பூனை திரும்பிப் பாக்காது.

குரோம்பேட்டைக்காரன்

பன்னெண்டு நாள் ஆச்சு. சிஸ்டர், மதில்மேல், எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ்.

பாண்டிக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. கழுத்துல கூம்பு மாட்டிக்கிட்டு ரெண்டு நாள் சோபாவுக்கு அடில உக்காந்து எங்கள சபிச்சுட்டு இருந்தான், இப்ப ஓகே. ஜன்னலுக்கு கம்பி வலை, உள்பக்கம் கொக்கி. முதல் அஞ்சு ராத்திரி கத்து கத்துன்னு கத்தினான், மூணாவது ராத்திரி வைஃப் எழுந்து போனா, நான் வலைய தொறக்கப் போறான்னு பயந்துட்டேன், அவ போய் பக்கத்துல படுத்துக்கிட்டா அவ்வளவுதான். கயித்துல துணி கட்டி ஓட விடுறது வேலை செய்யுது, ஆனா ஓடி மூச்சு வாங்குறது நான்தான். தொட்டி மண்ணு எட்டு பேக் மாத்திக் குடுத்தாச்சு. அங்கிள் கூடவே நின்னு கலவை சரியில்ல, நார்க்கழிவு பத்தாதுன்னு கொற சொல்லிக்கிட்டே இருந்தார், ஆன்ட்டி டீ குடுத்தாங்க. மணல் தட்டு விஷயத்துல இன்னும் தகராறுதான், ரெண்டுல ஒண்ணுதான் யூஸ் பண்றான், இன்னொண்ணுல தூங்குறான்.

கழுத்துல மணியும் கட்டினேன், அங்கிள்தான் கேட்டார், எங்க வர்றான்னு தெரியணும்ல தம்பின்னு. பூனைக்கு யார் மணி கட்றதுன்னு சும்மாவா கேட்டாங்க, கை ரெண்டு எடத்துல கிழிஞ்சுது. இழுத்தா தானா கழண்டுக்கிற பெல்ட்டுதான், மாட்டிக்க மாட்டான்.

இப்ப புதுப் பிரச்சினை. நேத்து காலைல அங்கிள் போன் பண்ணார், "தம்பி, செருப்பு ஸ்டாண்டுல மறுபடியும்"ன்னு. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, ராத்திரி பூரா இவன் என் கால் மேலதான் தூங்கினான். போய் அவர் கேமராவ ரெண்டு பேரும் உக்காந்து ஓட்டிப் பாத்தோம். மூணு மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு மஞ்சக் கடுவன், தலை தேங்கா சைஸ்ல, ஒரு காது பாதி இல்ல, சாவகாசமா கேட்டு மேல ஏறி எறங்கி செருப்பு ஸ்டாண்டுக்கு முதுகு காட்டி நின்னு, வால தூக்கி... அங்கிள் பாஸ் பண்ணி ஜூம் பண்ணார். "இவன் யார் வீட்டுப் பையன்"ன்னார். தெருவுல விசாரிச்சதுல யார் வீட்டுதும் இல்ல, மீன்காரம்மா வண்டி பின்னாடி வர்றதாம்.

அப்ப முன்னாடி பாதி இவனும் பாதி அவனுமா பண்ணிருக்காங்க போல. யார் எத்தனை தடவைன்னு இனிமே கணக்கு பாத்து பிரயோஜனம் இல்ல.

இந்த மஞ்சக் கடுவனையும் புடிச்சு ஆபரேஷன் பண்ணி விட்டுடலாம்னு நானும் அங்கிளும் முடிவு பண்ணிருக்கோம், செலவு ஆளுக்குப் பாதி. சாக்கு ரெடியா இருக்குன்னார் அங்கிள், ஆன்ட்டி மொறச்சாங்க. சாக்குல புடிச்சா கைய நாசம் பண்ணிடும்னு இங்க மதில்மேல் ஏதோ பழைய போஸ்ட்ல சொன்ன ஞாபகம். கதவு தானா மூடிக்கிற கூண்டு தாம்பரம், பல்லாவரம் பக்கம் யார்கிட்டயாவது இருக்கா? ரெண்டு நாளைக்கு வாடகைக்கு குடுத்தா போதும்.

மதில்மேல்

என்கிட்ட ஒண்ணு இருக்கு, வாடகை எல்லாம் வேண்டாம். சனிக்கெழமை வந்து எடுத்துக்கோங்க. அதுக்கு முந்தின நாள் ராத்திரிலேர்ந்து யாரும் அவனுக்கு சோறு வெக்காம பாத்துக்கோங்க, பசில இருந்தாதான் உள்ள வருவான், மீன்காரம்மாகிட்டயும் சொல்லி வைங்க. உள்ள மத்தித் தலை வைங்க, வேற எதுவும் வேலைக்கு ஆகாது. மாட்டின ஒடனே கூண்டு மேல போர்வைய போட்டு மூடிடுங்க, இருட்டானா அடங்கிடுவான். அங்கிள கூண்டுக்குள்ள கைய விட வேண்டாம்னு சொல்லுங்க.